அத்தியாயம் 9: மன்னிப்புக் கேட்ட திருடன்

“திருடனுங்க நீங்க! படிச்ச திருடன்!”

“வார்த்தைய அளந்து பேசுங்க மேடம். உங்க பேப்பர நான் தொட்டுக்கூடப் பார்த்ததில்லீங்க.”

“செவ்வாக்கெழமை அந்த நோட்டைப் பொரட்டிட்டு நின்னீங்களா இல்லீங்களா? மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க!”

“என் பாஸ்வேர்டு மறந்துபோச்சுங்க! அதைப் பார்க்க வந்தேன்!”

“அப்படியே பக்கத்தத் திருப்பி என்னோடதையும் பார்த்துப்போட்டீங்க!”

எங்கள் பக்கத்துச் சண்டையை வெளியூர்க்காரர்கள் கேட்டால் இது சண்டையா, உபசரிப்பா என்று குழம்பிப்போவார்கள். கழுத்தைப் பிடித்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் பிடிப்போம். ஆனால் வாசலில் நின்ற கிஷனுக்குக் குழப்பமே இல்லை. பெண்ணின் கையில் பேப்பர் வெயிட் இருந்தது. ஆண், மேசைக்கு அந்தப் பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தார்.

“அக்கா, இன்னும் ரெண்டு ‘ங்க’ போனா பேப்பர் வெயிட் பறக்கும். நாம கீழ போய் ஒரு டீ குடிச்சுட்டு வரலாமா?” என்றான் கிஷன்.

“உள்ள நட,” என்றார் ஹபீபுன்னிசா.

ஹபீபுன்னிசாவுக்கு ஐம்பத்தாறு வயது. டெலிபோன் எக்சேஞ்சில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் பேச்சுக்கு லைன் போட்டுக் கொடுத்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். வருகிற வேலையில் முக்கால்வாசி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு இடத்தில் மனசு உண்டா என்பதைத்தான் ஊர் பணம் கொடுத்துத் தெரிந்துகொள்கிறது. நாமெல்லாம் அதையே இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறோம். பத்து நாள் முன்புதான் அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. அதனால் கறுப்புக் கண்ணாடி. துப்பறிகிறவர் என்பதற்காகப் போட்டதில்லை.

கிஷன் அவருடைய உதவியாள். இருபத்தெட்டு வயது. வாய் மட்டும் இன்னும் இளசு.

இடம், சூலூர் போகிற வழியில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். பேர் நமக்கெதற்கு? பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே கைகாட்டுவார். அதன் மூன்றாவது மாடியில் ‘ஆய்வு வெளியீட்டு வழிகாட்டு மையம்’ என்று பலகை மாட்டிய அறை. பேராசிரியர்கள் தங்கள் ஆராய்ச்சியை எந்த இதழுக்கு அனுப்புவது, எது போலி இதழ், திருப்பி அனுப்பினால் எப்படிப் பதில் எழுதுவது, அச்சானபிறகு அதை எப்படி ஊருக்குச் சொல்வது என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்கிற இடம். பேப்பர் வராவிட்டால் பதவி உயர்வு கிடையாது. ஆகவே கோயிலை விட இங்கே வேண்டுதல் அதிகம்.

பேப்பர் வெயிட்டோடு நின்றவர் நந்திதா, ஜவுளித்துறை உதவிப் பேராசிரியை. சூலூர் விசைத்தறிப் பட்டறைகளில் வேலை செய்கிற நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று இரண்டு வருஷம் அலைந்து அளந்தவர். நாலு இதழ்கள் திருப்பி அனுப்பின. ஐந்தாவதாக இங்கிலாந்து இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. புதன்கிழமை பதவி உயர்வுக்குத் தேர்வுக்குழு. ஒரே ஒரு இடம். சனிக்கிழமை இதழிலிருந்து ஒரு மெயில்: ‘தாங்கள் கேட்டுக்கொண்டபடி தங்கள் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.’

அவர் கேட்டுக்கொள்ளவே இல்லை.

அதே இடத்துக்குப் போட்டியிடுகிறவர்தான் மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கிருபாசங்கர். மஞ்சள் வேகவைக்கும் அடுப்பில் ஆராய்ச்சி. ஈரோட்டுக்காரர்.

இவர்கள் இருவருக்கும் நடுவில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்ற பெரியவர் திருமூர்த்தி, மையத்தின் பொறுப்பாளர். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். பேராசிரியர்கள் இதழ்க் கணக்கின் பாஸ்வேர்டை மறந்துவிட்டு மறந்துவிட்டு வந்து நிற்பதைப் பார்த்து, எல்லாருடையதையும் ஒரு நீள நோட்டில் எழுதி ஜன்னலோரம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் குவளையைக் கட்டியிருப்பார்களே, அந்த மாதிரி. நல்லெண்ணம்தான்.

“அம்மணி, கோவப்படாதீங்க. சார், நீங்களும் உக்காருங்க. நான் போயி தேங்கா பன்னும் டீயும் சொல்லிட்டு வாரேன்,” என்று திருமூர்த்தி வெளியே நழுவினார்.

“பூட்டில்லாத ஊட்டுக்குக் காவலாளி பன் வாங்கப் போறாரு,” என்றான் கிஷன்.

ஹபீபுன்னிசா சிரிக்கவில்லை. நந்திதாவிடம், “உங்க பேர்ல இதழுக்குப் போன கடிதத்தைக் காட்டுங்கம்மா,” என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நந்திதாவின் முகத்தை நேராகப் பார்க்காமல் கிஷன் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் கூச்சம் அல்ல. அக்கா கண் அறுவைக்காக வீட்டோடு இருந்த பத்து நாளில் ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். மகன் கவினுக்குப் பெண் பார்த்திருக்கிறார்களாம். “பொண்ணு டாக்டருன்னாங்க தம்பி. ஊசி போடற டாக்டரில்லையாம், பேப்பரு எழுதற டாக்டராம். சொந்தமா எழுதுனதா, எவனையாச்சும் எழுத வெச்சு வாங்குனதான்னு பாரு.” பெண்ணின் பேர் நந்திதா. கிஷனே விசாரித்து, கிஷனே அறிக்கை எழுதி அனுப்பிவிட்டான். அக்காவிடம் சொல்லவில்லை. ஒரு முறை விசாரித்தவருக்காக மறுபடி வேலை எடுக்கக்கூடாது என்பது அலுவலகச் சட்டம். நேற்று நந்திதா போன் செய்தபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தக் குற்றம் சின்ன முள்ளாக அவனுக்குள் இருந்தது. எடுத்துவிடலாம், சாயங்காலம் எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

கடிதத்தை நந்திதா வாசித்துத் தமிழில் சொன்னார். தவிர்க்க முடியாத காரணத்தால் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. மிகவும் வருந்துகிறேன். தங்கள் நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும். பொறுமையாகப் படித்துத் திருத்தம் சொன்ன இரண்டு நடுவர்களிடமும் என் சார்பில் மன்னிப்புக் கேட்கவும். முடிந்தால் என்னை மன்னிக்கவும்.

“நாலு மன்னிப்பு,” என்று விரல் மடக்கினார் ஹபீபுன்னிசா. “எப்ப அனுப்புனது?”

“போன வியாழக்கெழம, காலைல பதினொண்ணு நாப்பதுங்க. நம்ம ஊரு நேரம்.”

“அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?” என்று கிருபாசங்கர் பக்கம் திரும்பினார்.

கிருபாசங்கருக்கு முகம் சிவந்தது. “மேடையிலங்க.”

அன்று மையம் ஒரு பயிலரங்கம் நடத்தியிருந்தது. தலைப்பு: ‘உங்கள் ஆராய்ச்சியை உங்கள் மாமியாருக்குப் புரியும்படி இரண்டு நிமிடத்தில் சொல்லுங்கள்.’ எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார்கள். மையத்துக் கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டார்கள். திரையின் மூலையில் மணி ஓடியது. பதினொன்று இருபத்தாறுக்கு மேடை ஏறிய கிருபாசங்கர், மஞ்சள் அடுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு யாரோ மைக்கை அணைத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் வாய் அசைந்தது.

“ரெண்டு நிமிஷம்!” என்றான் கிஷன். “சார், உங்க மாமியார் பாவமுங்க.”

“எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்க.”

“ஏன்னு இப்பத்தான் தெரியுதுங்க.”

நந்திதா பேப்பர் வெயிட்டை மெதுவாக மேசையில் வைத்தார். “வருத்தமுங்க சார்,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கிருபாசங்கர் சட்டையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். போகிற போக்கில் கதவை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சாத்தினார். நியாயம்தானே.

“ஒரே சந்தேக ஆசாமியையும் மஞ்சள் அடுப்பு காப்பாத்திருச்சு. இனி யாரைங்க அக்கா புடிக்கறது?”

“எதிரியா இருந்தா மன்னிப்புக் கேப்பானாடா? கதவ ஒடச்சுட்டுப் போய்ட்டே இருப்பான்.” ஹபீபுன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இது நாலு தடவ கும்பிட்டுட்டுப் போன திருட்டு. அதுலயும் அந்த ரெண்டு நடுவருக்கு ஒரு மன்னிப்பு. அவங்க எத்தனை சிரமப்பட்டுப் படிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? எழுதுனவங்களுக்குத் தெரியும். கூட உக்காந்து பதில் எழுத வெச்சவருக்குத் தெரியும். அந்த வீடியோவ நிறுத்து. முன்வரிசையப் பாரு.”

முன்வரிசையில் நடு நாற்காலியில் ஒரு மஞ்சப்பை உட்கார்ந்திருந்தது. பைக்குச் சொந்தக்காரர் இல்லை. பதினொன்று முப்பத்தொன்றுக்கு இல்லை. பதினொன்று நாற்பத்தெட்டுக்கு, முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு திருமூர்த்தி வந்து பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

நந்திதா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “இல்லீங்க. இருக்காதுங்க. எங்க சார் எனக்கு அப்பா மாதிரிங்க. நாலு தடவ திரும்பி வந்தப்பவும் ‘இன்னொரு இதழ் இருக்குது அம்மணி’ன்னு சொன்னவருங்க.”

“அதனாலதான் மன்னிப்புக் கேட்டிருக்காரு. ஆனா ஏன் செஞ்சாருங்கறதுதான் தெரியல.” ஹபீபுன்னிசா திருமூர்த்தியின் மேசைக்குப் போனார். மேசை டைரி திறந்தே கிடந்தது. ஒளிக்கத் தெரியாத மனிதருக்கு டைரியை மூடத் தெரியுமா? யார் வந்தார், யார் போன் செய்தார், எத்தனை மணிக்கு என்று முத்து முத்தாக எழுதியிருந்தார். வியாழக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்து அக்கா வாசித்தார்.

“‘காலை பத்து ஐம்பது. இங்கிலாந்து இதழிலிருந்து போன். நந்திதா கட்டுரை பற்றி. எல்லாம் அசல்தானா என்று கேள்வி.’”

அந்த வரிக்குக் கீழே அன்றைக்கு வேறு ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கிஷன் மறுபடி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“பத்தம்பதா?” அக்கா யோசித்தார். “நான் எக்சேஞ்சுல வெளிநாட்டுக்கு எத்தனை டிரங்கால் போட்டிருக்கேன். இங்க பத்தம்பதுன்னா லண்டன்ல அப்பத்தான் விடியுது. கோழி கூப்பிட எந்திரிச்சு, பல்லும் வெளக்காம, எவன் சூலூருக்குப் போன் பண்ணுவான்?”

கிஷனுக்குத் தெரியும், எவன் என்று. பல் விளக்கிவிட்டுத்தான் செய்தான்.

மஞ்சள் மண்டிக்காரருக்காக மூன்று இடங்களுக்கு அவன் போன் செய்திருந்தான். இரண்டு போன்கள் யோக்கியமானவை. மூன்றாவது இந்த மையத்துக்கு. சும்மா கேட்டால் சொல்வார்களோ மாட்டார்களோ என்று, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரக் குரலில், இதழின் பேரைச் சொல்லிப் பேசினான். டாக்டர் நந்திதா தானே எழுதியதா, எல்லாம் அசல்தானா, நிச்சயமாகச் சொல்ல முடியுமா? எதிர்முனையில் ஒரு பெரியவர் திக்கித் திணறி “எஸ் சார், எஸ் சார்” என்றார். கிஷன் போனை வைத்துவிட்டுத் தனியாகக் கை தட்டிச் சிரித்தான். அறிக்கையில் ‘எல்லாம் அசல்’ என்று எழுதினான்.

‘குரலும் ஒரு கையெழுத்துதாண்டா. அடுத்தவன் கையெழுத்தைப் போடாதே’ என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அக்கா சொன்னது இப்போது ஞாபகம் வந்தது. தேவைப்பட்டபோது வரவில்லை.

திருமூர்த்தி தேங்காய் பன்னும் டீயும் வைத்த தட்டோடு உள்ளே வந்தார். மேசையில் திறந்திருந்த டைரியைப் பார்த்தார். திரையில் நின்றுபோயிருந்த மஞ்சப்பையைப் பார்த்தார். தட்டை வைத்தார். டீ கொஞ்சம் வேட்டியில் சிந்தியது.

“சார்,” என்றார் ஹபீபுன்னிசா, “எல்லாம் அசல்தானான்னு ஒருத்தன் கேட்டா, அசலா இருந்தா நீங்க ஏன் பயப்படணும்? எதுங்க அசல் இல்ல?”

பெரியவரின் கண் அலமாரியின் இரண்டாவது தட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியது. அக்காவுக்கு ஒரு கண்ணில்தான் அறுவை. இன்னொரு கண் அதைப் பார்த்துவிட்டது.

அந்தத் தட்டில் நந்திதாவின் கோப்பு இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு தறிக்காரர்களிடமும் ‘எங்கள் காதைச் சோதிக்கச் சம்மதம்’ என்று வாங்கிய கையெழுத்துப் படிவங்கள். இதழ் கேட்டால் காட்ட வேண்டியவை. ஹபீபுன்னிசா கோப்பைப் பிரித்து, ஒரு கத்தை படிவங்களை எடுத்து மேசை மேல் உதறினார். வெள்ளையாகப் பஞ்சு உதிர்ந்தது. தறிப்பட்டறையில் பஞ்சு படாத பொருள் ஏது? டீயில் மிதக்கும், புருவத்தில் ஒட்டும். படிவ ஓரங்களில் கிரீஸ் விரல் ரேகை வேறு.

அடுத்த கத்தையை எடுத்து உதறினார்.

ஒன்றும் உதிரவில்லை. மறுபடி உதறினார். கடையில் வாங்கின மாதிரி சுத்தமாக இருந்தன. எண்ணினார். முப்பத்தெட்டு.

“இந்த முப்பத்தெட்டுப் பேரு மட்டும் கை கழுவிட்டு, ஏசி ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போட்டாங்களாக்கும்?”

திருமூர்த்தி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். நந்திதாவைப் பார்க்காமல் பேசினார்.

“அந்தக் கடேசிப் பட்டறை ஓனரு படிவத்தையெல்லாம் வாங்கி வெச்சுட்டு, இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சாருங்க. அம்மணி எல்லாரையும் கேட்டுத்தான் சோதிச்சது. அவங்களும் வாயால செரின்னவங்கதான். கையெழுத்து மட்டும் வரலீங்க. இதழுக்கு அனுப்பக் கடேசி நாளு. அம்மணி அன்னைக்குக் காச்சல்ல ஊட்டுல படுத்திருந்துச்சு. ‘படிவம் வந்துருச்சுங்களா சார்’னு போன்ல கேட்டுச்சு. ஏற்கெனவே நாலு தடவ திரும்பி வந்த பேப்பருங்க. எனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வரல. ‘வந்துருச்சு அம்மணி’ன்னுட்டேன். பொறவு உக்காந்து நானே போட்டுப்போட்டேன். வலது கையால பாதி, இடது கையால பாதி.”

“சார்!” என்றார் நந்திதா.

“வியாழக்கெழம போன் வந்துச்சு. எல்லாம் அசல்தானான்னு கேட்டாங்க. கண்டுபுடிச்சுட்டாங்கன்னு நெனைச்சேன். பேப்பரு அச்சுல வந்தபொறவு வெளிய தெரிஞ்சா அம்மணி பேருக்கு மோசடின்னு ஆயுசுக்கும் முத்திரை குத்திருவாங்க. இப்பவே திரும்ப வாங்கிட்டா சத்தமில்லாம போயிரும். நான் பண்ணுன தப்புக்கு அது அழியக்கூடாதுன்னு…” வேட்டியின் மேல் சிந்தியிருந்த டீயைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிஷன் தேங்காய் பன்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது வாயைத் திறக்காவிட்டால் இந்த வழக்கு முடிந்துவிடும். குற்றவாளி கிடைத்துவிட்டார், ஒப்புக்கொண்டும்விட்டார். லண்டன் போன் என்ற ஒரு வரி டைரியோடு பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். பெரியவர் தலையில் எல்லாம் ஏறும். இத்தனை சுலபமாக இருப்பதுதான் அவனை உறுத்தியது.

“போன் பண்ணினவன் எப்படிங்க பேசினான்?” என்றார் ஹபீபுன்னிசா.

“வெள்ளைக்காரன் மாதிரியேதாங்க. மூக்காலயே பேசுனான்.” திருமூர்த்தி நெற்றியைச் சுருக்கினார். “ஆனா ஒண்ணுங்க. வெக்கறப்ப… எனக்கு இருந்த பயத்துல அப்பத் தெரியல. இப்ப நீங்க கேக்கறப்பத்தான் தோணுது. ‘தேங்க் யூ’ன்னான். அப்பறம் ‘செரிங்க, வெச்சர்றனுங்க’ன்னான்.”

ஹபீபுன்னிசா மெதுவாகத் திரும்பினார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

“கிஷன், அந்த டைரியப் படிச்சதுலருந்து உன் வாயில ஒரு ஜோக்கக் காணோம். பஞ்சு உதிர்ந்தப்பக்கூட ஒண்ணும் சொல்லல. நாலு வருஷத்துல உன் வாய் இவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்ல.”

“நான்தாங்க அக்கா,” என்றான் கிஷன்.

சொல்லிவிட்டான். ஈரோட்டு மண்டிக்காரர் வந்ததையும், மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியதையும், சிரித்ததையும் சொன்னான். சிரித்ததை விட்டுவிட்டிருக்கலாம். விடவில்லை.

நந்திதா அவனைப் பார்த்தார். இந்த முறை அவன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்ளவில்லை.

“என்னையப் பொண்ணு பார்க்க வர்றவங்க ஜாதகம் கேப்பாங்கன்னு தெரியுமுங்க,” என்றார் நந்திதா. “ஆள் வெச்சு என் பேப்பர விசாரிப்பாங்கன்னு தெரியாதுங்க. நல்லா விசாரிச்சீங்க தம்பி. ரெண்டு வருஷ வேலைய ரெண்டு நிமிஷத்துல முடிச்சுப்போட்டீங்க. அந்தப் பயிலரங்கத்துல உங்களுக்குத்தான் முதல் பரிசு கொடுக்கணும்.”

“அவரு முப்பத்தெட்டுப் போட்டாரு, நீ ஒண்ணு போட்ட. ரெண்டும் கள்ளக் கையெழுத்துதான்,” என்றார் ஹபீபுன்னிசா. பிறகு நந்திதாவிடம் திரும்பினார். “அம்மா, இவன் என் ஆளு. இவன் பண்ணுனது நான் பண்ணுன மாதிரி. உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. கணக்குல யாரோ புகுந்துட்டாங்கன்னு இதழுக்கு எழுதுனா நாளைக்கே பேப்பர் திரும்பக் கிடைக்கலாம். புதன்கிழமைக்கு ஆச்சு. முப்பத்தெட்டுப் படிவம் யாருக்கும் தெரியப்போறதில்ல. இங்க இருக்கற நாலு பேரைத் தவிர.”

“ரெண்டாவது வழிங்க?”

“அது உங்களுக்கே தெரியும்.”

நந்திதா சுத்தமான முப்பத்தெட்டுத் தாள்களையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேசையில் சிதறிய பஞ்சை விரல் நுனியால் ஒரு குவியலாகச் சேர்த்தார். பிறகு எழுந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்.

“சார், மையத்துல எல்லாருக்கும் கவர் லெட்டர் எழுதக் கத்துக் குடுப்பீங்கல்ல? வாங்க. நடந்தது நடந்தபடி எழுதோணும். எப்படி ஆரம்பிக்கறதுன்னு சொல்லுங்க.”

திருமூர்த்தி எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். “மொதல்ல என் பேரைப் போடு அம்மணி,” என்றார். “நான் செஞ்சதுன்னு போடு.”

நாலு மன்னிப்பு இல்லை அந்தக் கடிதத்தில். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் பெரியவரே டைப் அடித்தார்.

புதன்கிழமை பதவி உயர்வு கிருபாசங்கருக்குப் போனது. குழுவின் முன்னால் மஞ்சள் அடுப்பைப் பற்றி இரண்டே நிமிடத்தில் பேசி முடித்தாராம். இதழ், நிஜமான கையெழுத்துகளோடு மறுபடி அனுப்பினால் முதலிலிருந்து பரிசீலிப்பதாக எழுதியது. அந்த முப்பத்தெட்டுக் கையெழுத்தும் கிஷன் பொறுப்பு என்று அக்கா சொல்லிவிட்டார். ஆறு வாரம் ஞாயிறு தோறும் சூலூர் பஸ் ஏறினான். தறி ஓடுகிற சத்தத்தில் ஒவ்வொருத்தர் காதருகிலும் குனிந்து, தன் சொந்தக் குரலில், தன் பேரைச் சொல்லி, என்ன நடந்தது என்பதையும் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிப் பேருக்குக் காது கேட்கவில்லை. அதைத்தானே அந்தப் பெண் எழுதியிருந்தது. முப்பத்தொரு பேர் போட்டார்கள். ஏழு பேர் மாட்டேன் என்றுவிட்டார்கள். அவர்களை நீக்கிவிட்டு, நூற்றைந்து பேரோடு பேப்பர் மறு வருஷம் தையில் வந்தது. படிவங்களில் பஞ்சு இருந்ததாகக் கேள்வி.

மற்ற சங்கதி கேட்காமல் உங்களுக்கும் தூக்கம் வராது, எனக்கும் வராது.

நந்திதா ஈரோட்டு வரனை வேண்டாம் என்றுவிட்டார். மண்டிக்காரர் மகன் கவினுக்கு அடுத்த ஆவணியில் கோபிக்காரப் பெண் லோகப்பிரியாவோடு கல்யாணம். அந்தப் பெண் பேப்பர் எதுவும் எழுதியதில்லை, விசாரணை மிச்சம். நந்திதா அடுத்த ஆராய்ச்சிக்குச் சூரத்துக்குப் போய்விட்டார். அங்கே சூலூரைவிட எத்தனையோ மடங்கு தறிகள். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் இப்போதைக்குக் காது கேட்கவில்லை என்கிறாராம். திருமூர்த்தி, அந்தக் கடிதத்துக்குப் பிறகு இரண்டு மாதம் காத்திருக்காமல் தானே வேலையை விட்டுவிட்டு ஓசூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். பாஸ்வேர்டு நோட்டைப் போகும்போது அவரே கிழித்துவிட்டுப் போனார். பேராசிரியர்கள் இன்னும் திட்டுகிறார்கள். கிருபாசங்கருக்கு ஒரு மாமியார் கிடைத்துவிட்டார், பொள்ளாச்சியில்.

கிஷனுக்கும் பெண் பார்த்தார்கள். சூலூரில் பத்துத் தறி போட்டிருக்கும் நரசிம்மலுவின் மகள் பூஜிதா. ஒரு நாள் காலை அக்காவின் போன் அடித்தது.

“வணக்கமுங்க. நான் பூஜிதா பேசறனுங்க. எனக்குப் பார்த்திருக்கற மாப்பிள்ளை உங்ககிட்ட வேலை செய்யறாருங்க. அவரைப் பத்திக் கேக்கணுமுங்க.”

சொந்தப் பேரில், சொந்தக் குரலில் விசாரித்த முதல் ஆள். ஹபீபுன்னிசா ஒன்றையும் மறைக்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசியது வரை சொன்னார். எதிர்மேசையில் கிஷன் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எதிர்முனை ஒன்றுதான் கேட்டது: “அந்த அக்காவோட பேப்பர் கடைசில வந்துச்சுங்களா?”

“வந்துச்சும்மா.”

“செரிங்க. அப்பாகிட்ட முகூர்த்தம் பார்க்கச் சொல்றனுங்க. வெச்சர்றனுங்க.”

கிஷன் இப்போது சூலூரில் மாமனார் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறான். காலை ஆறு மணிக்குப் பத்துத் தறியும் ஓடத் தொடங்கினால் அந்த வீட்டில் யாரும் போன் பேச முடியாது. அவனுக்கு அது நல்லதுதான் என்பது அக்காவின் அபிப்பிராயம்.